“எங்கட புள்ள ஒண்டும் திங்காது” என்று சொல்கிறவர்களுக்கும், அதைக் கேட்டு நாக்கைச் சப்புக் கொட்டுகிறவர்களுக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை. ஆனாலும் சிலருக்குச் சுடும். சுடட்டும்.

போன வாரம் ஒரு கலியாண வீடு. ஸஹனைச் சுற்றி ஆறு பேர். எங்கள் மருமகனைப் பக்கத்தில் இருத்தியிருந்தோம். ஏழு வயது. இறைச்சியை ஒதுக்கினான். கத்தரிக்காயை ஒதுக்கினான். அச்சாறைப் பார்த்து முகத்தைத் திருப்பினான். மேலே தூவியிருந்த பொரித்த வெங்காயத்தையும் கஜுவையும் மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றான். எதிரே இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “இது வாய்க்கொழுப்பு. ரெண்டு நாளைக்குப் பட்டினி போடுங்க, கல்லையும் திங்கும்.” அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் குரலைத் தாழ்த்தினார், ஆனால் பிள்ளைக்குக் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினார்: “தாய் குவைத்துல. பொறகு எப்படி இருக்கும்?”

பிள்ளை எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டான். நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சபை மரியாதை என்று தலையைக் குனிந்து சாப்பிட்டோம். அன்றைக்கு விழுங்கியதை இங்கே துப்புகிறோம்.

முதலில் அந்தத் தாயைப் பற்றி. எங்கள் தங்கச்சி குவைத்துக்கு உல்லாசப் பயணம் போகவில்லை. 2022 ஐ இந்தக் கரையோரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, எண்ணெய் இல்லாமல் கரையில் கவிழ்த்து வைத்த வள்ளங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கியதை வாங்க கிட்டத்தட்ட இருநூறு ரூபாய் வேண்டும். மச்சானின் தொழிலோ கடல். வீட்டில் பொன் என்று இருந்ததெல்லாம் அடகுக் கடைக்குப் போன பிறகுதான் அவள் விமானம் ஏறினாள். பிள்ளைக்கு அப்போது நாலு வயது. அதுவரை அவன் மீன் ஆணம் ஊற்றிச் சோறு தின்ற பிள்ளை. இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறக்கும்போதே “ஒண்டும் திங்காத” பிள்ளையாக அவன் பிறக்கவில்லை.

உம்மா போன கிழமையில் மீனை நிறுத்தினான். பிறகு பருப்பை. பிறகு வெள்ளைச் சோறும் அப்பளமும் மட்டும். அழுகிற பிள்ளையை என்ன செய்வது? உம்மும்மா முந்தானையில் முடிந்து வைத்த காசை அவிழ்த்துக் கடைக்கு அனுப்பினார். ஒரு பைக்கட். வாய் மூடியது. அடுத்த நாளும் அழுதான், அடுத்த பைக்கட். ஆறு மாதத்தில் பைக்கட்தான் சாப்பாடு, சோறு சும்மா சடங்கு. தரம் 1 இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு எம்.ஓ.எச். ஆட்கள் வந்து நிறுத்தபோது உயரத்துக்கேற்ற நிறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். துண்டை வாங்கியது நாங்கள்தான். அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமநிலை உணவு என்று படம் கீறிக் காட்டுகிற நாங்கள்.

இப்போது “எங்கட காலத்துல” என்று தொடங்குகிறவர்களுக்கு வருவோம். எங்கட காலத்தில் புடிச்சது புடிக்காதது என்ற பேச்சே இல்லையாம், போட்டதைத் தின்றோமாம். எங்களுக்கும் அந்தக் காலம் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்தக் கரைக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் எங்கள் வீட்டுப் பாதியும் உண்டு. கிடுகு வேய்ந்த முகாமில் நிவாரண மாவும் பருப்பும் சீனியும்தான். அந்த முகாமிலும் பருப்பைக் கண்டால் ஓங்காளிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் “எல்லாம் தின்னும்” பிள்ளைகளாக மாறவில்லை. மெலிந்தார்கள். வயிற்றோட்டம் வந்தபோது தாங்க முடியாமல் கிடந்தார்கள். அதைப் பார்த்த உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பசியை வளர்ப்பு முறை என்று பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் பசி கிடந்தவர்கள் அல்ல என்பது எங்கள் அனுபவம்.

மார்க்கம் பேசுகிறவர்களுக்கும் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற ஹதீஸை ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். அதில் முதல் பாதியைப் பிள்ளைக்குச் சொல்கிறோம், இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறோம். பொரித்த உடும்பு போன்ற ஒரு பிராணியின் இறைச்சி முன்னால் வைக்கப்பட்டபோது, அது ஹராம் இல்லை, ஆனால் தமது ஊரில் பழக்கமில்லாதது, மனம் ஒப்பவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த காலித் பின் வலீத் (ரலி) இழுத்து வைத்துச் சாப்பிட்டார். ஒரே ஸஹன், ஒருவருக்குப் பிடித்தது, ஒருவருக்குப் பிடிக்கவில்லை. யாரும் யாரையும் வாய்க்கொழுப்பு என்று சொல்லவில்லை.

இவ்வளவும் சொன்னதால் பைக்கட்டுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். அதற்குத்தான் வருகிறோம்.

தரம் 8 பிள்ளைகளோடு ஒரு நாள் ஒரு வேலை செய்தோம். இடைவேளைக்கு அவர்கள் வாங்கிய பைக்கட்டுகளை மேசையில் பரப்பி, உள்ளே இருந்ததை மட்டும் விஞ்ஞானகூடத்துத் தராசில் நிறுத்தோம். தலையணை மாதிரி ஊதியிருந்த நூறு ரூபாய் பைக்கட்டில் 40 கிராம். மிச்சம் காற்று. கிலோ என்ன விலை என்று கணக்குப் போடச் சொன்னோம். 2,500 ரூபாய். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் சொன்னான், “சேர், எங்கட வாப்பா சூடை மீனை இந்த விலைக்கு வித்தா நாங்க மாடி வீடு கட்டியிருப்போம்.” வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், விடியற்காலையில் கடலுக்குப் போய்ப் பிடித்து வந்த மீனை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் உப்பும் எண்ணெயும் நிறமும் தடவிய சோள மாவைக் கிலோ 2,500 க்கு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற ஊர் இது. நாளைக்கு இரண்டு பைக்கட் என்றால் மாதம் 6,000 ரூபாய். “வீட்டில செஞ்சு குடுக்க வசதியில்ல” என்று சொல்கிற வீட்டில்தான் இந்த 6,000 போகிறது. யாரும் அதைச் செலவு என்று எழுதுவதில்லை, ஏனென்றால் அது நூறு நூறாகப் போகிறது.

பைக்கட்டின் முன்பக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். மூலையில் சின்ன வட்டங்கள் இருக்கும். 2016 இல் குளிர்பானங்களுக்குச் சீனி அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை வந்தது. பிறகு திண்மமான உணவுகளுக்கும் உப்பு, சீனி, கொழுப்புக்கு அதே நிறங்கள் வந்தன. பிள்ளைகளிடம் கேட்டால் அது பைக்கட் டிசைன் என்கிறார்கள். பெற்றோரிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே பதில்தான்.

அடுத்தது யூடியூப் உம்மாமார். சகோதரிகளே, கோபிக்காதீர்கள். “சாப்பிடாத குழந்தைக்கு ஐந்து நிமிட ஹெல்தி ஸ்நாக்ஸ்” என்று ஒரு வீடியோ. ஓட்ஸ், பாதாம், சீஸ், எயார் ஃப்ரையர். கடைசியில் பிள்ளை சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறது. அந்த வீடியோவை நுரைச்சோலையில் இருக்கிற ஒரு தாய் பார்த்தால் என்ன நினைப்பாள்? என்னிடம் எயார் ஃப்ரையர் இல்லை, ஆகவே என் பிள்ளை இப்படி. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அவள் அடுத்த பைக்கட்டை வாங்குகிறாள். சீஸ் ஒரு கட்டி என்ன விலை என்று அந்த வீடியோவில் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு தடவை ஓட்ஸ் வாங்கினோம். உண்மையைச் சொன்னால் கோழிதான் தின்றது.

நாங்கள் பிழை விட்ட இன்னொரு இடமும் சொல்ல வேண்டும். ஒளித்துக் கொடுப்பது. முருங்கை இலையை அரைத்து ரொட்டி மாவில் கலந்து, “சும்மா ரொட்டிதான்” என்று கொடுத்தோம். இரண்டாவது கடியில் ஒரு பச்சைப் புள்ளியைக் கண்டுபிடித்தான். எங்களைப் பார்த்தான். அதன் பிறகு ஒரு மாதம் ரொட்டியையே தொடவில்லை. நம்பித் தின்ற ஒரு சாப்பாட்டையும் நாங்களே கெடுத்தோம். உம்மா “கொஞ்ச நாள்ல வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை அவன். வீட்டிலுள்ளவர்கள் மறுபடி பொய் சொன்னால் எப்படி வாய் திறப்பான்?

அதன் பிறகுதான் புத்தி வந்தது. அவன் எதைத் தின்ன மாட்டான் என்று மூன்று வருடமாகப் பட்டியல் போட்டோமே, எதைத் தின்கிறான் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தோமா? பார்த்தால் அப்பளம், பொரித்த வெங்காயம், சோற்றுச் சட்டியின் அடிப்பிடித்த காந்தல், பைக்கட். எல்லாம் மொறுமொறுப்பு. எல்லாம் உப்பு. எல்லாம் காய்ந்தது, ஆணம் படாதது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பது. பிள்ளைக்கு வேண்டியது பைக்கட் இல்லை, அந்தச் சத்தம்தான். அது எங்களிடம் இல்லையா? வெயிலும் உப்பும் தவிர வேறென்ன இருக்கிறது இந்தக் கரையில்!

சோற்று வடகம். பெயரைக் கேட்டதும் “ஐயோ, இதுவா” என்று சிலர் சிரிப்பீர்கள். எங்கள் உம்மாமார் செய்தது, நாங்கள் வெட்கப்பட்டு விட்டது. ராத்திரி மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் வடித்து, கையால் நன்றாகப் பிசைந்து, இடித்த சீரகம் கொஞ்சம், உப்பு கொஞ்சம். உப்பைக் கவனம், காய்ந்த பிறகு கரிப்புக் கூடும், ஆகவே நாக்குக்குக் குறைவாகத் தெரிகிற அளவுக்குப் போடுங்கள். இன்னொன்று, வாய்க்காலிலிருந்து அள்ளிக் கொண்டுவந்த உப்பு வேண்டாம். அயடீன் சேர்த்த உப்புத்தான். நாட்டில் 1995 இலிருந்து அது சட்டம், எங்கள் ஊரில்தான் உப்பளம் பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் பலர் அதை மதிப்பதில்லை. (உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு 2025 இல் இந்தியாவிலிருந்து வந்த உப்புக்கு வரிசையில் நின்ற கதையை எழுதினால் தனிப் பதிவாகிவிடும்.)

பிசைந்ததை முறுக்கு உரலில் போட்டு, எண்ணெய் தடவிய பொலித்தீனிலோ பாயிலோ சின்னச் சின்னதாகப் பிழியுங்கள். உரல் இல்லாவிட்டால் விரலால் கிள்ளி வையுங்கள். மேலே பழைய மெல்லிய சாரியோ நுளம்பு வலைத் துண்டோ போட்டு மூடுங்கள், காகத்துக்கும் ஈக்கும். புத்தளத்து வெயிலில் இரண்டு மூன்று நாள். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். காற்றுப் போகாத டின்னில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். எண்ணெய் நன்றாகச் சுட்ட பிறகு ஒரு பிடி போடுங்கள், ஒன்றிலிருந்து பத்து எண்ணுவதற்குள் பூரித்து மேலே வரும். அள்ளிவிடுங்கள். கையில் எடுத்தால் பாரமே இல்லை. கடித்தால் பைக்கட்டின் சத்தம் தோற்றுப் போகும். செலவு? குப்பைக்குப் போகிற சோறு, ஒரு சிட்டிகை சீரகம், பொரிக்கிற எண்ணெய். எண்ணெய்தான் செலவு. தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை நாங்கள், தேங்காய் விலையைக் கேட்டால் எங்களுக்கே மயக்கம் வருகிறது. ஆகவே சின்னத் தாச்சியில் கொஞ்ச எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியுங்கள். கறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைக்காதீர்கள்.

முதல் நாள் வடகத்தைப் பொரித்து ஒரு கோப்பையில் போட்டு நடுவில் வைத்தோம். “திண்ணுங்க வாப்பா” என்று யாரும் சொல்லவில்லை. நாங்களே தின்றோம், சத்தம் வரும்படி. அவன் பார்த்துக்கொண்டு போனான். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தான். உம்மும்மாவுக்குப் பொறுமை போய்விட்டது, “ஒண்டு வாயில வைடா கண்ணு” என்று தொடங்கினார், கண்ணைக் காட்டி நிறுத்தினோம். ஐந்தாம் நாள் தின்றான். எத்தனை தின்றான் என்று நாங்கள் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். பதினொன்று.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இதற்கு ஒரு எளிய பிரிப்புச் சொல்லியிருக்கிறார். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். தின்பதா இல்லையா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீடுகளில் இது தலைகீழ். எந்தப் பைக்கட் என்று பிள்ளை முடிவு செய்கிறது, எவ்வளவு விழுங்க வேண்டும் என்று ஈர்க்குக் குச்சியோடு நாங்கள் முடிவு செய்கிறோம். புதுச் சாப்பாடு ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவைக்கு மேலும் அது கண்ணில் படவும் நாக்கில் படவும் வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாங்கள் இரண்டாம் தடவையே “இது திங்காது” என்று தீர்ப்பு எழுதி முத்திரை குத்திவிடுகிறோம். பிள்ளையும் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “இவன் மீன் திங்க மாட்டான்” என்று சொன்னால், மீன் தின்னாததுதான் அவனுடைய அடையாளம் என்று ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்த வசனத்தைத் தடை செய்தோம். உம்மும்மா இரண்டு தடவை பிடிபட்டார்.

வடகம் நிலைத்த பிறகு அடுத்தது. வெள்ளைக் கடலையை ராத்திரி ஊற வைத்து, உப்புப் போட்டு அவித்து, ஈரம் போகத் துடைத்து, வெறும் சட்டியில் சின்ன நெருப்பில் வறுத்தோம். அவித்த கடலையைத் தொடாதவன் வறுத்ததைத் தின்றான். ஊற வைத்தால் கேஸ் பாதி மிச்சம். கேஸே வேண்டாம் என்றால் பொச்சும் சிரட்டையும் தென்னந்தோட்டத்தில் கிடக்கிறது. பிறகு, வடக மாவில் வறுத்து இடித்த கூனி ஒரு கரண்டி. இந்தத் தடவை ஒளிக்கவில்லை. “இதுல கூனி இருக்கு, மற்ற டின்ல இல்ல, எது வேணும்?” என்று கேட்டோம். மூன்று கிழமை கூனி இல்லாததைத்தான் எடுத்தான். நாலாம் கிழமை கூனி டின்னில் கை விட்டான். இப்போது நெத்தலிக் கருவாட்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கி, காயவைத்து, மொறுமொறுவென்று பொரித்து வைத்தால் தலையோடு முள்ளோடு கடிக்கிறான். அந்த முள்ளில் இருக்கிற கல்சியத்தை எந்தப் பைக்கட் கொடுக்கும்? மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் மீன். ஆணத்தில் இல்லை, பரவாயில்லை.

கவனம் ஒன்று. கடலை, கச்சான் போன்றவற்றை ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். இடித்து உருண்டையாகக் கொடுங்கள். கூனி, இறால், கச்சான் சிலருக்கு ஒத்துவராது. உடம்பு தடித்தால், வாய் வீங்கினால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வீட்டில் திரிபோஷா பைக்கட் கிடந்து வண்டு பிடிக்கிறதா? 1973 இலிருந்து சோளமும் சோயாவும் சேர்த்து இந்த நாட்டுத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற மா அது. ஏற்கெனவே பக்குவப்படுத்தியது, அடுப்பே வேண்டாம். தேங்காய்ப் பூவும் கொஞ்சம் பனங்கட்டியும் ஒரு துளி உப்பும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். “எங்கட புள்ள திரிபோஷா திங்காது” என்று அதைக் கோழிக்குப் போடுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறோம், கிளினிக்கில் அந்தப் பிள்ளைக்கு என்று தந்ததை வீட்டிலுள்ள பெரியவர்கள் தேத்தண்ணிக்குக் கடித்து முடிக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறோம். இரண்டாவதைச் சொல்ல மனம் வருவதில்லை. பசியிருக்கிற வீட்டில் யாருடைய பங்கு என்று பிரிக்க முடியாது.

தேத்தண்ணியும் பால்மாவும் தனியாகச் சொல்ல வேண்டியது. சோறு தின்னாத பிள்ளைக்குப் பால்மா கரைத்து நாலு தடவை, இடையில் தேத்தண்ணி இரண்டு தடவை. பிறகு எங்கே பசி வரும்? தேயிலைச் சாயம் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவும் விடாது. சாப்பாட்டோடு தேத்தண்ணியை வெட்டுங்கள், கடலையில் தேசிக்காய் ஒரு சொட்டுப் பிழியுங்கள். எங்கள் வீட்டில் பால்மாவை ஒரு வேளையாக்கினோம். முதல் கிழமை வீடு போர்க்களம்.

இனி ஆம்பிளைகளுக்கு. இதை வாசித்துவிட்டுப் பெண்சாதிக்கு அனுப்பி, “பாரு, வடகம் போடு” என்று சொல்லத் தயாராக இருக்கிறீர்கள் அல்லவா? அனுப்ப வேண்டாம். பாயை நீங்களே விரியுங்கள். சோற்றைப் பிசைய, உரல் பிழிய, காகம் விரட்ட ஒரு டிப்ளோமாவும் தேவையில்லை. விடியற்காலையில் எழும்பி ஐந்து பேருக்குச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பீட்ரூட் தோட்டத்தில் கூலிக்குப் போய் வருகிற பெண்ணிடம் “கடைச் சாமான் குடுக்காத” என்று சொல்வது அநியாயம். அவளுக்கு நேரம் இல்லாததால்தான் பைக்கட் வருகிறது. நேரம் எங்களிடம் இருக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் சந்தியில் எத்தனை பேர் நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் வடகம் பிழிவது நாங்கள்தான், பொரிப்பது மச்சான், கடலுக்குப் போகாத நாளில். முதல் தடவை கருக்கிவிட்டார். அதையும் பிள்ளை தின்றான், வாப்பா பொரித்ததாம்.

உம்மும்மாமாரைத் திட்டாதீர்கள். அவர்கள் கொடுக்கிற நூறு ரூபாயில் இருப்பது பாசம். அந்தக் காசை வேண்டாம் என்று தடுத்தால் மனம் முறியும். எங்கள் உம்மாவிடம் வடக டின்னின் சாவியைக் கொடுத்துவிட்டோம். பேரன் இப்போது கடைக்குக் காசு கேட்டுப் போவதில்லை, டின்னைத் திறக்கச் சொல்லிப் போகிறான். பாசத்துக்கு ஒரு பாதை வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக எங்கள் தொழிலுக்குள்ளேயே. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதிபர் காரியாலயத்துக் கோவையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கன்டீனைக் கூடிய தொகைக்குக் கேட்கிறவருக்குக் கொடுக்கிறோம். அந்த மனிதர் கட்டிய வாடகையை எடுக்க வேண்டும். அவித்த கடலையில் என்ன மிஞ்சும்? மிஞ்சினால் பழுதாகும். பைக்கட் பழுதாகாது, அவிக்கத் தேவையில்லை, கழுவத் தேவையில்லை. ஆகவே பைக்கட். அந்த வாடகைக் காசில்தான் நாங்கள் வகுப்பறைக்கு மின்விசிறி பூட்டுகிறோம். மின்விசிறிக்குக் கீழே நின்று சமநிலை உணவு படிப்பிக்கிறோம். கன்டீன்காரரைத் திட்டுவது சுலபம், ஆனால் டென்டர் பெட்டியைத் திறந்தபோது ஆகக் கூடிய தொகையைப் பார்த்துக் கைதட்டியது ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்துதான். அதில் எங்கள் கையும் இருந்தது.

எங்கள் கோரிக்கை சின்னது. வாடகையில் ஒரு பகுதியை விட்டுக் கொடுங்கள். அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு அவித்த தானியம், கடலையோ கௌபியோ பயறோ, ஒரு சுண்டு முப்பது நாற்பது ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஊரில் வடகமும் எள்ளுருண்டையும் செய்கிற தாய்மாரிடம் வாங்கி விற்கச் சொல்லுங்கள். அந்தத் தாய்மாரில் ஒருத்திக்காவது குவைத்துக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வருகிற மாதம். பெற்றோர் வருவதில்லை, வந்தாலும் பேசுவதில்லை. இந்தத் தடவை வாருங்கள்.

எங்கள் மருமகன் இன்னும் கீரை தொடுவதில்லை. பருப்பு இல்லை. ஆணம் இல்லை. நிறை கொஞ்சம் ஏறியிருக்கிறது, போதாது என்று மிட்வைஃப் சொன்னார். சில பிள்ளைகளுக்கு இது வெறும் அடம் இல்லை. நாலைந்து சாப்பாட்டுக்கு மேல் போகவே மாட்டார்கள், வாசனைக்கும் வழுவழுப்புக்கும் உண்மையிலேயே உடம்பு நடுங்கும், நிறை இறங்கும், பேச்சும் பழக்கமும்கூட வித்தியாசமாக இருக்கும். அப்படியானால் வடகத்தை நம்பிக்கொண்டிருக்காமல் எம்.ஓ.எச். காரியாலயத்துக்குக் கொண்டு போங்கள். வெட்கம் வேண்டாம்.

அந்தக் கலியாண வீட்டுப் பெரியவர் இதை வாசிப்பார் என்று நினைக்கிறோம். காக்கா, உங்கள் மேல் கோபம் இல்லை. அடுத்த ஸஹனில் அவனைப் பக்கத்தில் இருத்துங்கள், பொரித்த வெங்காயத்தை அவன் பக்கம் தள்ளிவிடுங்கள், வேறொன்றும் பேச வேண்டாம்.

மற்றவர்கள் பாயை எடுங்கள். ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டால் வடகம் காயாது.